429 கோடி எண்ணும் ஒரு மீதியும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் தாளும் பென்சிலுமாக வீற்றிருக்கும் மூத்த கணித ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசைக்கு முந்திக்கொண்ட மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இன்று ஒரே ஓர் எண்: 4294967297. இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. மூன்று செய்திகள் சொல்வேன். அது உடைந்த விதம், கணினியில் அது படும் பாடு, 17 பக்கப் பலகோணத்தோடு அதன் குடும்பத்துக்கு உள்ள உறவு. பதறாத காரியம் சிதறாது, ஒவ்வொன்றாக வருவோம்.

3, 5, 17, 257, 65537. ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் அப்படித்தான் என்று நம்பினார் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. ஆறாவதுதான் நம் எண். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதைக் காரணிகளாக உடைத்தார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கப் புகுந்தால், அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536-க்குக் கீழே 6542 பகா எண்கள் காத்திருக்கின்றன. ஆனால் இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் வேலை முடிந்தது! 257-ஐயும் விட்டுவிடலாம். நம் எண்ணில் 2 குறைத்தால் முந்தைய ஐந்தின் பெருக்கற்பலன் வரும். ஆகவே 257-ஆல் வகுத்தால் மீதி 2.

வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16. 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸-க்கு மீதி 1. 625-க்குப் பதில் −16 இடுங்கள். −2³²-க்கு மீதி 1. அவ்வளவுதான், 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். செரா கோல்பர்ன், 1804-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் பிறந்தவன். கைக்கு ஆறு விரல். (விரல்விட்டு எண்ணியிருப்பானோ என்று சிரிக்காதீர்கள், எல்லாம் மனக்கணக்கு.) தந்தை அவனை ஊர் ஊராக மேடையேற்றி, 1812-இல் லண்டனுக்கும் கொண்டுபோனார். எட்டின் பதினாறாம் அடுக்கு என்ன என்றார்கள், 281474976710656 என்றான். இது பகா எண்தானே என்று நம் 4294967297-ஐ நீட்டினார்கள். 641 × 6700417 என்றானாம். எப்படி என்றால் அந்த வயதில் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வளர்ந்த பின் அந்தத் திறமையும் போயிற்று. கூட்டம் விடைக்குக் கைதட்டியது, வழியைக் கேட்டுப் பெறவில்லை. நம் வகுப்பறைகளும் அதைத்தானே செய்கின்றன?

அதனால்தான் மீதிச் சோதனை வேண்டும் என்று போகுமிடமெல்லாம் கேட்கிறேன். முதலில் 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. அதற்கு ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டுங்கள்: 641-க்கு 2, 6700417-க்கு 7, பெருக்கினால் 14, அதாவது 5. நம் எண்ணுக்கும் 5. பொருந்துகிறது. ஆனால் அவசரத்தில் 6704017 என்று இடம் மாற்றி எழுதினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும், இலக்கக் கூட்டல் மாறாதல்லவா? அப்போது 11-ஆல் வகுத்தால் வரும் மீதி: வலமிருந்து இலக்கங்களை ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிப் போங்கள். சரியான காரணிகளின் மீதிகள் 3, 9. பெருக்கினால் 27, மீதி 5. நம் எண்ணுக்கும் 5. தவறான எண்ணுக்கு மீதி 1. பெருக்கினால் 3, பிடிபட்டது. பதறாத காரியம் சிதறாது!

கணினி விஷயம் ஒரே வரி. 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 கட்டங்களில், 4294967295 வரைதான் அடங்கும். நம் எண்ணை அங்கே திணித்தால் 1 என்று நிற்கும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பலகோணம் இன்னொரு நாளைக்கு. விடைக்கு மட்டுமன்றி 9, 11 சோதனைக்கும் தனி மதிப்பெண் கேட்கும் மனு செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்திட வரும் ஆசிரியர்கள் இடப்பக்க மேசைக்கு வரலாம்.