ரிப்ளை 1988: தோற்று வந்த நண்பனுக்குத் திட்டக் கற்றுக்கொடுத்தவர்கள்

[திரையில்: கட்டம் போட்ட மரப்பலகை, கறுப்பு வெள்ளைக் காய்கள்]

நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பையன் ஒருவன், பெரிய ஆட்டத்தில் தோற்றுவிட்டு வீடு திரும்புகிறான். தெருவில் உள்ள பெரியவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவே தயங்குகிறார்கள். ஆறுதல் சொல்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா? அந்த நேரத்தில் நான்கு நண்பர்கள் அவன் அறைக்குள் புகுந்து, தோல்வியைப் பற்றியே நேரடியாகக் கிண்டல் செய்கிறார்கள். அப்புறம், வாயைத் திறந்து ஒரு வசவுகூடச் சொல்லத் தெரியாத அவனுக்குத் திட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவன் சிரித்துவிடுகிறான்!

வணக்கம் நண்பர்களே! பதின்வயது நட்பைப் பற்றி நான் பார்த்ததிலேயே உண்மையான காட்சி இதுதான். தொடரின் பெயர் ரிப்ளை 1988.

[திரையில்: தொடரின் போஸ்டர்]

விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை தென் கொரியாவின் டிவிஎன் சேனலில் வந்தது. 20 எபிசோடுகள். இயக்கம் ஷின் வொன்-ஹோ, எழுத்து லீ வூ-ஜங். கடைசி எபிசோடின் ரேட்டிங் 18 சதவீதத்தைத் தாண்டியது. அன்றைய தேதிக்குக் கொரியக் கேபிள் தொடர்களில் அதுவே உச்சம்.

கதை நடப்பது சோல் நகரின் சங்முன்-தோங் பகுதியில், ஒரே சந்தில். தொக்சன், ஜங்வான், சொன்ஊ, தோங்ரியோங், தேக் என ஐந்து பேர். தோற்று வந்தானே, அவன்தான் தேக். கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும், கோ என்று உலகம் அழைக்கும் பதுக் விளையாட்டில் அவன் புலி. அன்றாட வேலைகளில் மட்டும் அவனுக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். ஊருக்கு அவன் மேதை, இந்த நான்கு பேருக்கு மட்டும் விவரம் தெரியாத பிள்ளை. அவனும் அப்படி நடத்தப்படத்தான் அவர்களோடு சேருகிறான் என்று எனக்குத் தோன்றும்.

[திரையில்: 1988 ஒலிம்பிக் தொடக்க விழா]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1988 செப்டம்பரில் சோல் ஒலிம்பிக். தொடக்க விழா அணிவகுப்பில் ஒவ்வொரு நாட்டு வீரர்களுக்கும் முன்னால் பெயர்ப்பலகை ஏந்தி ஒரு பெண் நடப்பாள். தொக்சனுக்குக் கிடைத்தது மடகாஸ்கர். மாதக்கணக்கில் நடை பழகுகிறாள். வீட்டில் எல்லாரும் டிவியில் அவளைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மடகாஸ்கர் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடுகிறது!

இது கதைக்காகக் கட்டிய திருப்பம் கிடையாது. வட கொரியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது; கியூபா, எத்தியோப்பியா போன்ற சில நாடுகளும் போகவில்லை, மடகாஸ்கரும் அந்தப் பட்டியலில் உண்டு. உலக அரசியலில் எங்கோ எடுத்த ஒரு முடிவு, சோலில் ஒரு பள்ளி மாணவியின் கனவில் வந்து விழுகிறது. பழைய காலத்தைக் காட்டுகிறேன் என்று ரேடியோவையும் பழைய சட்டையையும் மட்டும் காட்டி முடித்துவிடும் தொடர்கள் நிறைய உண்டு. இந்த எழுத்தாளர் வரலாற்றை ஒரு பெண்ணின் அழுகைக்குள் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது பெரிய சாதனை! கடைசி நேரத்தில் உகாண்டாவின் பலகை அவள் கைக்கு வருகிறது. அவள் நடந்து வரும்போது உங்களுக்கும் கைதட்டத் தோன்றும்.

இந்த நட்பு எப்படி இவ்வளவு கெட்டியானது? முதல் எபிசோடின் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு அம்மாவும் சமைத்ததில் ஒரு தட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். பிள்ளைகள் தட்டும் கையுமாகச் சந்தில் எதிரெதிரே ஓடுகிறார்கள். ஜங்வான் குடும்பம் லாட்டரியில் பணக்காரர்களானது. தொக்சன் குடும்பமோ, அப்பா வேறொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டியதால், அதே வீட்டின் கீழ்த்தளத்தில், பாதி மண்ணுக்குள் இருக்கும் அறைகளில் குடியிருக்கிறது. மேலேயும் கீழேயும் ஓடியது ஒரே குழம்புதான். தட்டோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமே இல்லை.

தொக்சன் யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பார்க்காதவர்களுக்காக நான் வாய் திறக்க மாட்டேன்.

ஒவ்வொரு எபிசோடும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். முதல் இரண்டு மெதுவாகத்தான் போகும், தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பார்த்து முடித்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்: நீங்கள் ஜங்வான் கட்சியா, தேக் கட்சியா?