பசிபிக்கைத் தாண்டிவந்த பள்ளிக்கூடப் படகு

[காட்சி: ஈர மணலில் தனியாகக் கிடக்கும் சிறு படகு]

2013 ஏப்ரல் 7. கலிபோர்னியாவின் வடகோடியில் இருக்கும் கிரசென்ட் சிட்டியின் கடற்கரையில் ஒரு படகு ஒதுங்கியது. இருபது அடி நீளம். உள்ளே யாரும் இல்லை. படகின் உடம்பு முழுக்கக் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடல் உயிர். பாறையில் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அந்தக் குடும்பம்தான். ஆனால் இது நடுக்கடலில் மிதக்கும் பொருள்களில் வளரும் வகை. ரப்பர் குழாய் போல நீண்ட கழுத்து, அதன் நுனியில் வெள்ளை ஓடு. கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

படகில் ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. பக்கத்து மாவட்டத்தில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த நிலவியல் பேராசிரியர் லோரி டெங்லர் விசாரிக்கத் தொடங்கினார். எழுத்துகளை வாசித்தால், 'தகாதா உயர்நிலைப் பள்ளி'. படங்கள் ஃபேஸ்புக் வழியாக ஜப்பானுக்குப் போயின. பதில் வந்தது: ஆமாம், எங்கள் படகுதான். பெயர் 'கமோமே'. கடற்காகம் என்று அர்த்தம்.

அந்தப் பள்ளி இருந்த ஊர், இவாத்தே மாநிலத்தின் ரிகுசென்தகாதா. 2011 மார்ச் 11 சுனாமிக்கு முன் அங்கே சுமார் 24,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கடலோரத்தில் ஏறக்குறைய 70,000 பைன் மரங்கள் கொண்ட தோப்பு ஒன்று இருந்தது. நின்றது ஒரே ஒரு மரம். பள்ளிக் கட்டடமும் போனது. கடல் பாடம் படிக்கும் மாணவர்களின் படகு மட்டும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதந்து, இரண்டு ஆண்டு கழித்துக் கரையேறியிருக்கிறது.

[காட்சி: பசிபிக் வரைபடம், ஜப்பானிலிருந்து கிழக்கே நகரும் கோடு]

இது எப்படி நடந்தது? அன்று சுமார் 50 லட்சம் டன் பொருள்களைக் கடல் இழுத்துப் போனதாக ஜப்பான் அரசு கணக்கிட்டது. பெரும்பகுதி கரையருகிலேயே மூழ்கிவிட, 15 லட்சம் டன் மிதந்தது. அதைக் காற்றும் கடல் நீரோட்டமும் கிழக்கே தள்ளின. அப்போது அமெரிக்கக் கரையில் பலருக்கும் ஒரே பயம், அதே சுனாமியில் சேதமான ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சு. ஆனால் இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை அணு உலைக் கசிவுக்கு முன்பே கடலுக்குப் போனவை. உண்மையான சிக்கல், ஒட்டிக்கொண்டு வந்த உயிர்கள். புதிய கரையில் பெருகினால் உள்ளூர் உயிர்களை அவை நெருக்கிவிடலாம். 2012-இல் ஆரிகன் கரைக்கு வந்த, ஜப்பானின் மிசாவா துறைமுக மிதவை ஒன்றில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. அதைச் சுரண்டி, வெட்டி அப்புறப்படுத்தினார்கள்.

கமோமேக்கும் அதே கதி வந்திருக்கலாம். கிரசென்ட் சிட்டியின் டெல் நோர்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அப்படி விடவில்லை. கொட்டலசைச் சுரண்டி எடுத்தார்கள். படகைத் திருப்பி அனுப்பப் பணம் திரட்டினார்கள். உட்கார்ந்து சுரண்டுவது எவ்வளவு நாற்றம் பிடித்த வேலை என்று படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அக்டோபரிலேயே படகு ரிகுசென்தகாதாவுக்குத் திரும்பிவிட்டது.

சரி, ஒரு பழைய படகுக்கு இவ்வளவா? பதில் கிரசென்ட் சிட்டியின் சரித்திரத்தில் இருக்கிறது.

[காட்சி: 1964, இடிந்த கடைத்தெரு, கறுப்பு வெள்ளை]

1964 மார்ச் 27, புனித வெள்ளி. அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம். நள்ளிரவில் கிரசென்ட் சிட்டிக்கு முதல் அலை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்ததும் அப்படித்தான். முடிந்தது என்று நினைத்துச் சிலர் கடைகளைச் சுத்தம் செய்யப் போனார்கள். ஒரு மதுக்கடையில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வெளியேறிய கூட்டம், பணத்தை எடுக்கத் திரும்பிப் போனது. நான்காவது அலைதான் பெரிது. அந்தக் கூட்டத்தில் ஐந்து பேர் பிழைக்கவில்லை. ஊரில் மொத்தம் 11 பேர் இறந்தார்கள். சுனாமி ஒற்றை அலை அல்ல, முதல் அலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் இந்த இரவுதான்.

ஏன் இந்த ஊரையே அலை தேடி வருகிறது? தெற்கே மெண்டொசினோ பகுதியில் கடலடியில் ஒரு நீண்ட செங்குத்துச் சரிவு உண்டு. அது பசிபிக் அலைகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. ஊரின் வளைகுடாவோ பிறை வடிவம். உள்ளே வந்த நீர், வாளியில் தளும்புவதுபோல் மணிக்கணக்கில் ஆடும். 2011-லும் அதுதான். ஜப்பானில் புறப்பட்ட அலை பத்து மணி நேரத்துக்குள் இங்கே வந்து, துறைமுகத்தை நொறுக்கிப் படகுகளை மூழ்கடித்தது. ஆக, கமோமேயை இழுத்துப்போன அதே சுனாமிதான் இவர்கள் படகுகளையும் கவிழ்த்திருந்தது. நன்கொடை கொடுக்கும் தூரத்து ஊராக இவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை. ஊரும் சிறியது, 2010 கணக்கெடுப்பில் ஏழாயிரத்துச் சொச்சம், அதிலும் பெலிக்கன் பே சிறைக் கைதிகள் சேர்த்தி.

படகுக்குப் பின்னால் மாணவர்களும் கடல் கடந்தார்கள். இவர்கள் அங்கே போனார்கள், அப்புறம் அவர்கள் இங்கே வந்தார்கள். 2018-இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாயின. கிரசென்ட் சிட்டி துறைமுகமும் அதற்குள் சுனாமியைத் தாங்கும்படி புதிதாகக் கட்டப்பட்டிருந்தது.

[காட்சி: இரவுத் துறைமுகம், விளக்குகள், காலிச் சாலை]

2025 ஜூலை கடைசி. ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவில் நிலநடுக்கம். கிரசென்ட் சிட்டி துறைமுகத்தில் மிதவைத் துறை ஒன்று சேதமானது. இவாத்தே கரையிலும் எச்சரிக்கை ஒலித்தது. ஒரே அலைக்காகப் பசிபிக்கின் இரு கரைகளிலும் மக்கள் மேட்டைப் பார்த்து நடந்தார்கள்.