சிலையின் அடியில் யார் பெயர்?

(கவின் கலை மாணவர்களிடையே ஒரு சிற்பி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், உளியும் களிமண்ணுமாக இருந்த கைகளை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

என் கலை வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் ஒரு சிற்பியின் வாழ்க்கையைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பேசவே முடியாது என்பது என் கட்சி. ஓவியர் அறையைத் தாழிட்டுக்கொண்டு ஒரு படத்தை முடித்துவிடலாம். வெண்கலத்தில் அது நடக்காது. மெழுகு காய்ச்சுபவர், மண் அரைத்துப் பூசுபவர், உலையைப் பார்த்துக்கொள்பவர், அரம் போடுபவர் என்று பலர் கூடினால்தான் ஓர் உருவம் எழுந்து நிற்கும். கருங்கல்லிலும் அப்படித்தான். இத்தனை பேர் கூடிச் செய்த சிலையின் அடியில் ஒரே ஒரு பெயர் எழுதப்படுகிறது. அது போதாது. இதைச் சொல்வதற்குத்தான் இந்த மேடையை ஒப்புக்கொண்டேன்.

நான் படித்தது சென்னை எழும்பூர்க் கவின் கலைக் கல்லூரியில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஆரம்ப நாட்களில் கைத்தொழில்தான் அதன் மூச்சு. பிறகு 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தார்; மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அந்தச் சிலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். ஒருவர் கையை எடுத்தாலும் பாறை நகராது என்பது அந்த உடல்களின் சாய்விலேயே தெரியும். கல்லூரி நாட்களில் மாலை நேரங்களில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வரைந்திருக்கிறேன்.

அங்கே எங்களுக்குக் கதை கதையாகச் சொல்லப்பட்டவர்கள் சிற்பிகள் தனபாலும் ஜானகிராமும். ஜானகிராமின் செப்புத் தகட்டுச் சிற்பங்களைப் பார்த்தால் கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் உடனே நினைவுக்கு வரும். தகட்டைத் தட்டி உருவேற்றும் அந்தத் தொழிலைக் கவசம் செய்யும் தட்டார்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். அவர் அதை எடுத்து, கம்பியைப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டுமே பேசும் ஒரு புதிய சிற்ப வகையை உண்டாக்கினார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம் உருவானபோதும், அங்கே குடியேறிய கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நேரம் வாங்கினார்கள். கைவினை வேறு, கலை வேறு என்று யாராவது உங்களிடம் சொன்னால் சோழமண்டலத்து வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

என் வேலைக்கு வருகிறேன்.

நான் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவள். நடவு நடும் பெண்களின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள். முகத்தை அல்ல, முதுகை. வரப்பில் நிற்கும் குழந்தைக்கு வயலில் தெரிவது வரிசையாக வளைந்த முதுகுகள்தான். நம்முடைய செப்புத் திருமேனிகளில் இடுப்பு ஒசியும், தலை சாயும், கால் தூக்கும். ஆனால் வேலையால் வளைந்த முதுகு கிடையாது. அது தெய்வத்துக்குப் பொருந்தாது என்பது சரிதான். மனுஷிக்குப் பொருந்துமே! அந்த முதுகைச் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் என்னைச் சுவாமிமலைக்குக் கொண்டுபோனது.

சுவாமிமலை வார்ப்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி, உருவத்தை முழுக்க மெழுகிலேயே செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மையாக அரைத்து முதல் பூச்சு. அந்தப் பூச்சு விரல் ரேகையைக்கூட வாங்கிக்கொள்ளும். அது நிழலில் உலர்ந்ததும் வயல் மண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள். மேலே இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறிவிடும். உருவம் இருந்த இடத்தில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் போகிறது. மெழுகின் எடையைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு வெண்கலம் வேண்டும். ஆகவே மெழுகை எடைபோடும்போதே செலவு தெரிந்துவிடும். வார்த்து ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலை. வார்ப்பு பிசகினால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உலோகம் உள்ளே போக வழி வேண்டும், காற்று வெளியே வர வழி வேண்டும். அதற்காக உருவத்தோடு மெழுகுத் தண்டுகளை ஒட்டுகிறார்கள். வார்த்த பிறகு அந்தத் தண்டுகளை அறுத்து, அறுத்த வடுவை அரத்தால் தேய்க்க வேண்டும். ஆகவே தெய்வப் படிமங்களில் தண்டுகளை முதுகுப் பக்கம் ஒட்டுவது வழக்கம். முன்பக்கம், முகம், ஆபரணம் எதிலும் வடு விழாது.

நான் கொண்டுபோன உருவத்தில் முதுகுதான் எல்லாமே. குனிந்த பெண், முகம் நாற்றைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது, பார்ப்பவருக்குத் தெரிவது தோளிலிருந்து இடுப்புவரை ஓடும் வளைவு. தண்டை எங்கே ஒட்டுவது?

அங்கே எனக்கு வார்த்துத் தந்த ஸ்தபதியார் அந்த மெழுகைக் கையில் எடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு முதுகுதான் முகம் என்றால், முதுகு கீழே போக வேண்டும் அம்மா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார்: அச்சுக்குள் முதலில் நிரம்புவது அடிப்பகுதி. உலோகத்தில் உள்ள அழுக்கும் காற்றும் மேலே ஏறும். எந்தப் பகுதி சுத்தமாக வர வேண்டுமோ அது அடியில் கிடக்க வேண்டும். ஆகவே அந்தப் பெண்ணை மல்லாக்கப் புதைத்து, வயிற்றின் வழியாக உலோகத்தை ஊற்ற வேண்டும். தண்டுகள் வயிற்றிலிருந்து புறப்படும். கையும் காலும் மேல்நோக்கி இருப்பதால் அவற்றின் நுனி வழியாகக் காற்று போகும்.

அப்படித்தான் வார்த்தோம். அச்சை உடைத்து உருவத்தை நிமிர்த்தி வைத்தபோது, அந்த முதுகு மாசு மருவில்லாமல் வந்திருந்தது. வயிற்றிலிருந்து மூன்று தண்டுகள் தரையை நோக்கி இறங்கியிருந்தன. ஸ்தபதியார் அறுக்க ரம்பத்தை எடுத்தார். "இருக்கட்டும் ஐயா" என்று தடுத்தேன். அந்தத் தண்டுகளோடுதான் அந்தச் சிற்பம் இன்றும் நிற்கிறது. கண்காட்சியில் சிலர் அதை மழை என்றார்கள். சிலர் வேர் என்றார்கள். அவளைச் சேற்றோடு கட்டிப்போட்ட கயிறு என்று ஒரு பெண் என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். என் பாணி என்று விமர்சகர்கள் எழுதியதும் இந்தத் தண்டுகளைப் பற்றித்தான். அதன் பிறகு நான் செய்த பல உருவங்களில் அவை இருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், அது யார் செய்த சிற்பம்? வெட்டாமல் விட்டது நான். அந்த இடத்தில் வைத்தது அவர். வைக்கச் செய்தது உலோகத்தின் இயல்பு. கற்பனை என்னுடையது, கைவேலை அவருடையது என்று பிரித்துப் பேச இங்கே வழியே இல்லை. அவருடைய தீர்மானத்திலும் கற்பனை இருக்கிறது. என் வளைவிலும் கைவேலை இருக்கிறது.

காட்சிக்கு வைத்த கலைக்கூடத்தில், சிற்பத்தின் அட்டையில் இருவர் பெயரையும் போடச் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். வாங்குபவர் குழம்புவார், விலை இறங்கும் என்றார்கள். சினிமாவில் விளக்குப் பிடித்தவர் பெயர்கூட வருகிறது, புத்தகத்தில் அச்சகத்தின் பெயர் வருகிறது, சிற்பத்தில் வார்த்தவர் பெயர் வந்தால் மட்டும் என்ன குழப்பம்? அட்டை அவர்களுடையது, சிலை என்னுடையது. அடுத்த வேலையிலிருந்து மெழுகிலேயே பெயர்களைக் கீறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்தபதியாரிடம் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. "சாமி சிலையில் நாங்கள் பெயர் போடுகிற வழக்கம் இல்லை அம்மா."

"இது சாமி இல்லையே ஐயா, நடவு நடுகிற பெண்தானே?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் உலை பார்க்கிறவன் பெயரையும் போடுங்கள். அவன் பதம் தவறினால் நீங்களும் இல்லை, நானும் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து என் வெண்கலங்களின் பீடத்தில் மூன்று பெயர்களுக்குக் குறையாமல் இருக்கின்றன.

பெயர் போடாததுதான் நம் மரபு, நான் மேல்நாட்டு வழக்கத்தைக் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் என்னைக் கண்டித்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் மரபு அவ்வளவு எளிதானதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரம் முழக் கணக்கிலும் விரல் கணக்கிலும் இருக்கிறது. அவற்றுக்குச் சாத்திய நகைகளில் முத்துக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயரும், அவர்கள் குடியிருந்த வீட்டின் வரிசையும் இருக்கின்றன. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரும் கல்லில் நிற்கிறது. பெயர் எழுதும் வழக்கம் இல்லாத ஊரா இது?

இன்னொரு சான்று இன்னும் பழையது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்ற ஊரில் ஒரு பாறையில் பல்லவர் காலத்து எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசனின் பெயர்கள் அல்ல. மாமல்லபுரத்தில் வேலை செய்த கல்தச்சர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று போகும் அந்த வரிசையில் கொல்லன் ஸேமகன் என்ற பெயரும் உண்டு. கொல்லன்! கருங்கல்லில் வேலை செய்த யாருக்கும் அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். உலையில் காய்ச்சி, தட்டி, பதம் பார்த்துத் தோய்த்துத் தர ஒருவர் பக்கத்திலேயே இருந்தால்தான் அடுத்த கொத்து விழும். பதம் அதிகமானால் உளி உடையும், குறைந்தால் வளையும். அந்தக் கொல்லர் இல்லாமல் எந்த யானையும் எந்த ரதமும் இல்லை. பூஞ்சேரிப் பாறைக்கு அது தெரிந்திருந்தது.

இந்தத் திசையில் எனக்கு முன்னால் நடந்தவர் சிற்பி மீரா முகர்ஜி. 1923இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஐம்பதுகளில் மியூனிக் கலைக்கழகத்தில் படித்தார். திரும்பி வந்தவர் மத்திய இந்தியாவின் பஸ்தர் காட்டுப் பகுதிக்குப் போய், அங்கே மெழுகு நூல் சுற்றி வார்க்கும் கைவினைஞர்களிடம் மாணவியாக உட்கார்ந்தார். பிறகு இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்காக நாடு முழுவதும் உலோகக் கைவினைஞர்களைத் தேடிச் சென்று பதிவு செய்தார். போரின் அழிவைக் கண்டு நிற்கும் அவருடைய பெரிய அசோகர் சிலையைப் பாருங்கள். தனித்தனித் துண்டுகளாக வார்த்து இணைத்தது. பஸ்தரில் ஒரு சாண் உயரத்தில் இருந்த தொழில் இங்கே ஆளைவிட உயரமாக எழுந்து நிற்கிறது. தாம் யாரிடம் கற்றார் என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

பெண்ணாக இருந்து சிற்பம் செய்வது கடினமா என்று எல்லாப் பேட்டியிலும் கேட்கிறார்கள். கல் கனமானதுதான், ஆனால் கல்லை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. ஆண் சிற்பியும் தூக்குவதில்லை. செயின் பிளாக் தூக்குகிறது, நெம்புகோல் நகர்த்துகிறது, ஆறு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் பெண்கள் மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து கல்லுக்கு மெருகேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பளபளப்பை ஊரே மெச்சுகிறது. உளியை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. எனக்கு உளி கிடைத்ததற்குக் கல்லூரி காரணம், என்னைத் தடுக்காத தாய் காரணம். இந்த இரண்டும் இல்லாத பெண் மெருகேற்றும் கல்லோடு நின்றுவிடுகிறாள். இது பலத்தைப் பற்றிய விஷயமே அல்ல.

பலத்தைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது தூசியை. கல் அறுக்கும் கட்டர் இயந்திரம் வந்த பிறகு கல்வேலை விரைவாகிவிட்டது, ஆனால் அது கிளப்பும் மாவு போன்ற தூசியில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்கினால் அதைப் போக்க மருந்து கிடையாது. மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது. தண்ணீர் விட்டு அறுங்கள், சரியான முகக்கவசம் போடுங்கள், உங்கள் உதவியாளருக்கும் வாங்கிக் கொடுங்கள். பீடத்தில் அவர் பெயரைப் பொறித்துவிட்டு அவர் மூச்சைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு?

உங்கள் ஆண்டுக் கண்காட்சி வரப்போகிறது என்று முதல்வர் சொன்னார். ஒரு வேண்டுகோள். உங்கள் சிற்பத்தின் அட்டையில் வார்த்தவர், பற்றவைத்தவர், கல் பிளந்தவர் பெயர்களைச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் உரிமை. மதிப்பெண் போடும் ஆசிரியர்களும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாணவர் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

சுவாமிமலையில் இப்போது களை பறிக்கும் மூன்று பெண்களின் உருவம் மெழுகில் நிற்கிறது. மூன்றையும் ஒரே வார்ப்பில் எடுக்க முடியுமா என்று எனக்கும் ஸ்தபதியாருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அவர் முடியாது என்கிறார், அவர் சொல்வதே சரியாக இருக்கும் என்று எனக்கும் தோன்றத் தொடங்கியிருக்கிறது. பார்க்க விரும்பும் மாணவர்கள் வரலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். உலை மூட்டும் நாளில் வருபவர்கள் பருத்தி உடையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு வர வேண்டும். நைலான் துணியில் ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை எதுவும் வேண்டாம். வந்தால் வேடிக்கை பார்க்க விடமாட்டேன், மண் அரைக்க வேண்டியிருக்கும். வணக்கம்.