இறங்கத் தெரிந்த ரயில்

(நீலகிரி மலை ரயில் குறித்துச் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சென்னைவாசிகளான நமக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அதைவிடப் பெரிய ஏற்றம் வேண்டுமானால், இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்க வேண்டும். 7.10 மணிக்கு அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில் கிளம்பும். 46 கிலோமீட்டர் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம். திரும்பி வர மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஏறுவதுதான் கடினம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தப் பாதையின் பொறியியலில் பாதிக்கு மேல் இறங்குவதற்காகச் செய்தது.

முதலில் ஒரு சொல் திருத்தம். பலரும் இதை ‘நாரோ கேஜ்’ என்கிறார்கள். உலகக் கணக்கில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாமே குறுகிய பாதைதான். நம் ரயில்வேயில் 762, 610 மில்லிமீட்டர் பாதைகளுக்குத்தான் அந்தப் பெயர். நீலகிரிப் பாதை 1,000 மில்லிமீட்டர், அதாவது மீட்டர் கேஜ். சிம்லா பாதை 762, டார்ஜிலிங் 610. மலையில் அகலத்தைக் குறைப்பதற்குக் காரணம் வளைவு. தண்டவாளங்கள் நெருக்கமாக இருந்தால் இறுக்கமான வளைவிலும் வண்டி திரும்பும். பாறையை வெட்டும் வேலை மிச்சம். நீலகிரிப் பாதையில் மட்டும் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், சுமார் 250 பாலங்கள்.

டார்ஜிலிங்கில் சரிவைச் சமாளிக்கப் பாதையைச் சுற்றிச் சுற்றி வளைத்தார்கள். முன்னும் பின்னுமாக ‘இசட்’ வடிவில் ஏற்றினார்கள். நீலகிரியில் அதற்கு இடம் இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்குள் சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இருபத்து நான்கு முறை அடுக்கிய உயரம் அது. செங்குத்தான இடங்களில் சுமார் 12 அடி போனால் 1 அடி ஏற்றம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தை எவ்வளவு பிடிக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து 100 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிவில் அந்த எடை 8 டன்னுக்கு மேல் பின்னோக்கி இழுக்கும். எஞ்சினின் ஓட்டுச் சக்கரங்கள் மீது 40 டன் இருந்தால், தண்டவாளம் காய்ந்திருக்கும்போது அதில் கால்வாசி, 10 டன் வரை பிடிமானம் கிடைக்கலாம். தூறலும் ஈர இலையும் சேர்ந்தால் அது 5 டன்னுக்கு வந்துவிடும். அப்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஆகவேதான் நடுவில் பல் சட்டம் போட்டார்கள். ஊழியர்கள் ‘ரேக்’ என்பார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே, அவற்றைவிடச் சற்று உயரத்தில் இரண்டு பல் சட்டங்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பற்சக்கரம், அதாவது பினியன், இரண்டையும் மாறி மாறிக் கவ்வும். எந்த நொடியிலும் ஒரு பல்லாவது முழுதாகப் பதிந்திருக்கும். சட்டங்களின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி அமையும். இதன் பெயர் ஆப்ட் முறை. சில குறிப்புகளில் ‘ABT’ என்ற ஆங்கில எழுத்துகளை ‘ஆல்டர்னேட் பைட்டிங்’ என்று விரித்திருப்பதைப் பார்க்கலாம். பொருத்தமான விரிவுதான், ஆனால் அது சுருக்கெழுத்தே இல்லை. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பெயர் அது.

பல் சட்டம் தொடங்கும் இடம்தான் வில்லங்கமானது. பல்லின் மேல் பல் ஏறிவிட்டால் இரண்டும் சேதம். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வேகத்தைச் சேர்த்துக்கொள்வார் அல்லவா? பினியனும் அப்படித்தான் சேர வேண்டும். அதற்காகத் தொடக்கத் துண்டை ஸ்பிரிங் மேல் அமைத்திருப்பார்கள். பல் பொருந்தாவிட்டால் துண்டு அமுங்கி, அடுத்த பள்ளத்தில் பினியனைப் பிடித்துக்கொள்ளும். வண்டி அங்கே நடை வேகத்துக்கு இறங்கி வருவதன் காரணம் இதுதான்.

இன்னொரு நுட்பம் சக்கரத் தேய்மானம். ஓட்டுச் சக்கரத்தின் விளிம்பு தேயத் தேய எஞ்சின் தாழும். பினியனும் கூடவே தாழ்ந்து பல்லின் அடியை இடிக்கத் தொடங்கும். சாதாரண வண்டியில் பொறுத்துக்கொள்ளும் தேய்மானம் இங்கே ஆகாது. பாதையும் சும்மா கிடக்காது. வண்டியின் எடையும் வெயிலின் விரிவும் சேர்ந்து தண்டவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தும். பல் சட்ட இணைப்பில் இடைவெளி மாறினால் பல்லுக்குப் பல் உள்ள தூரமும் மாறும். பிறகு ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று இடிதான். பல்லுக்கு மசகு வேண்டும்; பக்கத்துத் தண்டவாளத்தில் அது ஒரு சொட்டும் படக் கூடாது.

இனி எஞ்சின். 1914 தொடங்கி 1952 வரை பல தவணைகளில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலையிலிருந்து வந்த ‘எக்ஸ்’ வகை. 2010-களில் அதே வகையைப் பொன்மலை ஒர்க்‌ஷாப் பர்னஸ் ஆயிலில் ஓடும்படி புதிதாகக் கட்டியது. இதில் நான்கு சிலிண்டர்கள். உயர் அழுத்தச் சிலிண்டர் இரண்டும் ஓட்டுச் சக்கரங்களைச் சுழற்றும். அவை வெளியேற்றும் நீராவி தாழ் அழுத்தச் சிலிண்டர் இரண்டுக்கும் போய்ப் பினியன்களைச் சுழற்றும். எனக்கு இதில் மிகப் பிடித்தது என்னவென்றால், ஓட்டுச் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால் நீராவி கூடுதலாகப் பினியன் பக்கம் சேரும். அங்கே அழுத்தம் ஏறும்; அது எதிர்த்து நின்று வழுக்கும் சக்கரத்தை அடக்கும். டிரைவர் கை வைக்கும் முன்பே எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

பாய்லரிலும் ஒரு சங்கடம் உண்டு. 12-க்கு 1 சரிவில் 3 மீட்டர் நீளமுள்ள பாய்லரின் இரு முனைகளுக்கும் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் வேறுபடும். நெருப்புப் பெட்டியின் கூரை நீரை விட்டு வெளியே தெரிந்தால் அந்தத் தகடு பழுத்துவிடும். நீர்மானியைச் சரிவைக் கணக்கில் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரே இங்கே ஃபயர்மேன்.

இப்போது இறக்கம். அதே 100 டன் குன்னூரிலிருந்து கல்லாறு வரும்போது வெளிவிடும் ஆற்றல் சுமார் 350 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 500 லிட்டர் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் ஆவியாக்கும் வெப்பம் அது. எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். பிரேக் கட்டையை மட்டும் நம்பினால் கட்டை காய்ந்து பிடி தளரும். எனவே சிலிண்டர்களையே காற்று அமுக்கியாக மாற்றுகிறார்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். கை தள்ளப்படும், பம்பும் சுடும். அதே வேலைதான். சிலிண்டர் தீய்ந்துவிடாமல் உள்ளே தண்ணீர் பீய்ச்சுவார்கள். அது ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும்.

எஞ்சின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கத்தில், கீழ் முனையில் இருப்பதும் இதற்காகவே. ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும். அப்படியானால் ஏறும்போது டிரைவருக்கு முன்னால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல் சட்டத்தைக் கவ்வும் பினியனுக்கு ஒரு பிரேக். எஞ்சின் விசிலைக் கேட்டு அவர்கள் திருகுவார்கள், தளர்த்துவார்கள். பல் சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

இத்தனை ஏற்பாடும் மண்சரிவிடம் செல்லாது. குன்னூர் மலைப்பாதை கிழக்கு முகம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனைகிறது. இந்தப் பக்கம் சென்னையைப் போல ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கிறது. மண் நீர் குடித்துக் கனத்து, அடிப்பாறையை விட்டு வழுக்கும். பாறை உருண்டு பல் சட்டத்தை வளைத்துவிட்டால் மண்ணை அள்ளுவது மட்டும் போதாது. வளைந்த துண்டைக் கழற்றி, பல் தூரம் அளந்து, வேறு துண்டு பொருத்த வேண்டும். அக்டோபர், நவம்பரில் டிக்கெட் எடுப்பவர்கள் ரத்தாகும் என்று நினைத்தே எடுங்கள்.

போனால் ஒரு முறை இறங்கும் வண்டியிலும் உட்காருங்கள். ரன்னிமேடு, ஹில்குரோவ், ஆடர்லி கடந்து பாக்குத் தோப்பு கண்ணில் படும்போது கல்லாறு வந்துவிட்டது என்று பொருள். அங்கே பல் சட்டம் முடியும். அதுவரை காலடியில் கேட்டுக்கொண்டிருந்த கடகடப்பு நின்று, வெறும் சக்கரச் சத்தம் மட்டும் மிஞ்சும்.