வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

தலைவர் அவர்களே, பாளையங்கோட்டையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வந்திருக்கும் பொறியாளர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரமும் நீரும் குறைவாகச் செலவாகும் பசுமைக் கட்டடங்களைப் பரப்பும் மன்றத்தின் கிளைகள் நடத்தும் கல்விக் கூட்டங்களுக்கு வருவோர் தொகை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்தியத் தொழிற் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டில் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தில் அக்கூட்டமைப்பு எழுப்பிய மையம் 2003இல், பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ (LEED) என்னும் தரமுறையில் உச்சநிலையான பிளாட்டினம் தரச்சான்று பெற்றது. மறு ஆண்டு அதனை அப்துல் கலாம் அவர்கள் திறந்து வைத்தார்கள். கிளைகளும் வகுப்புகளும் அதன் பின்னர்ப் பெருகின.

வருகைக்குப் பெருங்காரணம் சான்றிதழ்தான் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. அந்த லீட் முறையில் வல்லுநர்களுக்கும் தகுதிகள் உண்டு: கிரீன் அசோசியேட் என்னும் தொடக்கநிலைத் தகுதி பெற்றவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை 15 மணி நேரமும், துறைச் சிறப்புடன் ஏ.பி. என்னும் மேல்நிலைத் தகுதி பெற்றவர் 30 மணி நேரமும் தொடர்கல்விக் கணக்குக் காட்டினால்தான் அத்தகுதி நிலைக்கும். எனவே கணக்கு முடிக்கும் தவணை நெருங்கும்போது அரங்கு நிறைகிறது. மணி நேரம் சேர்ந்துவிட்டால் நாற்காலிகள் காலியாகின்றன. 2020இல் பெருந்தொற்று வந்து கூட்டங்கள் இணையவழிக்கு மாறியபின், அந்த மணி நேரத்தை வீட்டிலிருந்தபடியே சேர்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. திரையில் பெயர் இருக்கும், ஆள் சாப்பிடப் போயிருப்பார். நானும் போயிருக்கிறேன்.

ஆனால் என் கவலை, பதிவேட்டில் ஒருமுறைகூடக் கையெழுத்திடாதவர்களைப் பற்றியது. நம் பக்கத்து வீடுகளில் பல, கட்டடக்கலைஞர் எவரும் இல்லாமல், வீட்டுக்காரரும் மேஸ்திரியும் மனையில் நின்று பேசி முடிவு செய்பவை. மேற்குச் சுவரில் எத்தனை சன்னல், சன்ஷேடு எவ்வளவு நீளம், ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு வழி விடுவதா, தார்சாவை, அதாவது வீட்டின் திறந்த முன்கூடத்தை, வைத்துக்கொள்வதா அல்லது அதையும் அடைத்து அறையாக்குவதா என்பவற்றை அங்கேயே தீர்மானித்துவிடுகிறார்கள். அடைத்த தார்சாவுக்குப் பின்னர் ஏ.சி. வாங்குகிறார்கள்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் சுவர் கட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால் ஏறத்தாழ 25 விழுக்காடு கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். இதைத் திரையில் காட்டினால் கொத்தனாருக்குப் பிடிபடாது. கரணையைக் கையில் கொடுத்து நான்கு வரி கட்டச் சொன்னால் பிடிபடும்.

அவர் வருவாரா என்று கேட்பீர்கள். வேலை நாளில் வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பங்குனி உத்திரத்தன்று அழைத்தால் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலில் இருப்பார்; ஆனித் தேரோட்டத்தன்று நாமே நெல்லையப்பர் ரத வீதியில்தான் நிற்போம். என் யோசனை மார்கழி. மார்கழியில் எவரும் மனைக்கோல் போடுவதில்லை. தையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் காத்திருப்பவரின் வீடு அப்போது வரைபடமாகவே இருக்கும். ரப்பரால் அழித்துத் திருத்தும் செலவில் சன்னலை இடம் மாற்றலாம்.

ஆகையால் வரும் மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, அரங்கை விட்டுவிட்டு, கட்டுமானம் நடக்கும் ஒரு மனையில் கூடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொத்தனாரின் அன்றைய கூலியும் காப்பியும் கிளையின் கணக்கில் இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அடுத்த ஆண்டு அதைப் பார்த்து மீண்டும் பேசுவோம்.