தொப்பூர் கணவாயும் பாய்சான் மாடலும்: மேல எண்ணுறதும் கீழ எண்ணுறதும்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி லாரிச் சத்தம் கேக்குதா? தொப்பூர் கணவாய். தருமபுரியில இருந்து சேலம் போற 44-ஆம் நம்பர் ஹைவே இங்கதான் சரசரன்னு இறங்குது. டீசல் மிச்சம்னு லோடு வண்டிய நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிடிப்பு போயிடும். மொத்த பாரமும் பிரேக் மேல விழும், சூடேறும், அப்புறம் மிதிச்சாலும் நிக்காது. இந்த இறக்கத்துல விபத்து அதிகம்னு நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும்.

எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆக்சுவேரியல் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு இங்கருந்தே ஒரு கேள்வி. இங்க இவ்ளோ விபத்து நடக்குதே, அப்போ டிஎன் 29 வண்டிக்கு, அதாவது தருமபுரி ரிஜிஸ்ட்ரேஷனுக்கு, பிரீமியம் ஏத்தலாமா?

இத வெச்சு மட்டும் ஏத்தக் கூடாது. இங்க கவுந்து கிடக்கிற லாரி நாமக்கல்லா இருக்கலாம், ராஜஸ்தானா இருக்கலாம். மேல எண்ணுறது ஊர் ஊரா வர்ற வண்டியோட விபத்து, கீழ வகுக்கிறது தருமபுரி வண்டி. ரெண்டும் ஒரே கூட்டம் இல்ல. ஜெனரல் இன்சூரன்ஸ் மாடலிங்ல பாதித் தப்பு இந்த ஒரு இடத்துலதான் நடக்குதுன்னு நான் உறுதியா சொல்வேன். மாடல் பேரு பெருசா இருக்கும், வகுக்கிற எண்ணு தப்பா இருக்கும்.

இதோட நேர் எதிர் ஒசூர். 2002 மோட்டார் டாரிஃப்ல காருக்கும் டூவீலருக்கும் ரெண்டே மண்டலம்தான். சென்னை, பெங்களூரு மாதிரி எட்டு நகரம் ஏ, மத்ததெல்லாம் பி. வண்டி எங்க ரிஜிஸ்டர் ஆச்சோ அதான் கணக்கு. டிஎன் 70 கார் ஒண்ணு தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய் வருதுன்னு வைங்க. தாள்ல அது பி, ஓடுற ரோடு ஏ. மண்டலத்த மட்டும் ஃபேக்டரா, அதாவது வண்டிங்கள பிரிக்கிற காரணமா, போட்டீங்கன்னா இந்த வண்டி பென்னாகரத்து வண்டியோட கலந்து சராசரியாகிடும். ஆர்டிஓ கோட (டிஎன் 29, டிஎன் 70 மாதிரி) தனி ஃபேக்டரா எடுத்துப் பாருங்க. டேட்டா கம்மியா இருந்தா பக்கத்துக் கோடோட சேருங்க, ஆனா ஒசூரத் தருமபுரியோட சேக்காதீங்க.

சரி, இப்போ எக்ஸ்போஷர். ஒரு வண்டி எத்தன நாள் நம்ம கவர்ல இருந்துச்சுன்றதுதான் அது. அக்டோபர் 1 பாலிசி தொடங்குது, நீங்க ஆராயுற காலம் டிசம்பர் 31 வரைக்கும். 31, 30, 31, மொத்தம் 92 நாள். 92-ஐ 365-ஆல வகுத்தா 0.252. அந்த வண்டி முழு வண்டி இல்ல, கால் வண்டி-வருஷம்.

இத விட்டா என்னாகும்? ஒரு கற்பனைக் கணக்கு. பழைய பைக் 1,000, எல்லாம் வருஷம் பூரா கவர்ல இருந்துச்சு, 60 கிளெய்ம். புது பைக் 1,000, எல்லாம் ஆயுத பூஜை சமயத்துல எடுத்தது, சராசரி 0.25 வருஷம், 20 கிளெய்ம். பாலிசிய எண்ணி வகுத்தா பழசு 6 சதவீதம், புதுசு 2 சதவீதம். புது பைக் மூணு மடங்கு பத்திரம்னு தெரியுது இல்லையா? வண்டி-வருஷத்தால வகுங்க. பழசு 60 கீழ 1,000, அதே 6. புதுசு 20 கீழ 250, 8 சதவீதம். முடிவு தலைகீழாயிடுச்சு. இந்தக் கணக்க ஒரு தடவ கையால போட்டுப் பாருங்க, அப்புறம் எக்ஸ்போஷர மறக்கவே மாட்டீங்க.

ஆர்ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல ஜிஎல்எம், அதாவது ஜெனரலைஸ்டு லீனியர் மாடல், ஓட்டுறப்போ கிளெய்ம் எண்ணிக்கைக்கு பாய்சான் (எண்ணிக்கைக்கான பரவல்), லாக் லிங்க் (சராசரியோட லாக்க மாடல் பண்றது), ஆஃப்செட்டா லாக் எக்ஸ்போஷர். இதுல ரெண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஒண்ணு, எக்ஸ்போஷர சாதா வேரியபிளா ஃபார்முலால சேக்குறது. அப்போ மாடல் அதுக்கும் ஒரு கோஎஃபிஷியன்ட், அதாவது அதப் பெருக்குற எண், மதிப்பிடும். ஆஃப்செட்னா அந்தக் கோஎஃபிஷியன்ட்ட 1-னு பூட்டிட்டோம்னு அர்த்தம். ரெண்டாவது, ஆஃப்செட் போட்டு லாக் மறந்துடுறது. கால் வருஷத்துக்கும் முழு வருஷத்துக்கும் 4 மடங்கு வித்தியாசம் வரணும். லாக் இல்லன்னா இ-யோட அடுக்கு 0.75, அதாவது 2.12 மடங்குதான் வரும். எரர் எதுவும் காட்டாது, அமைதியா தப்பான விடை குடுக்கும்.

சரிபாக்க ஒரு நல்ல வழி இருக்கு. கிளெய்ம எக்ஸ்போஷரால வகுத்து, அந்த விகிதத்த ரெஸ்பான்ஸா (மாடல் மதிப்பிடுற எண்ணா) வெச்சு, எக்ஸ்போஷர வெயிட்டா குடுத்து இன்னொரு தடவ ஓட்டுங்க. முழு எண் இல்லன்னு ஆர் வார்னிங் குடுக்கும், பயப்படாதீங்க. கோஎஃபிஷியன்ட் எல்லாம் அப்படியே ஒத்து வரணும். வரலன்னா ஆஃப்செட்ல கோளாறு.

ஒரு பிரிவோட கோஎஃபிஷியன்ட் 0.182 வந்தா எக்ஸ்பொனென்ஷியல் எடுங்க, 1.20. அடிப்படைப் பிரிவ விட 20 சதவீதம் அதிகம். ஓவர்டிஸ்பெர்ஷன், அதாவது பாய்சான் எதிர்பாக்குறத விட சிதறல் அதிகமா இருக்கான்னு, பாக்க டீவியன்ஸ (மாடல் டேட்டாவ விட்டு எவ்ளோ விலகுதுங்கிற ஒரு அளவு) டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தால (வரிசை எண்ணிக்கையில கோஎஃபிஷியன்ட் எண்ணிக்கையக் கழிச்சது) வகுக்காதீங்க. பெரும்பாலான வரிசையில கிளெய்ம் பூஜ்யம்றதால அந்த எண்ணுக்குப் பொருளே இல்ல. விலகல அளக்குற இன்னொரு எண்ணான பியர்சன் கை-ஸ்கொயர எடுத்து டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தால வகுங்க. அது 1.5 வந்தா ஸ்டாண்டர்ட் எரர் எல்லாத்தையும் 1.5-ஓட வர்க்கமூலம் 1.22-ஆல பெருக்கணும். ஆர்ல இருக்குற குவாசி-பாய்சான் அதத்தான் செய்யுது, கோஎஃபிஷியன்ட் மாறாது.

பழக ஏத்த டேட்டா ஆர்ல சிஏஎஸ்டேட்டாசெட்ஸ்னு ஒரு பேக்கேஜ்ல இருக்கு. பிரான்ஸ் மோட்டார் தேர்ட் பார்ட்டி, 6,78,013 பாலிசி. எண்ணிக்கை ஒரு ஃபைல், தொகை இன்னொரு ஃபைல். எண்ணிக்கை ஃபைல்ல கிளெய்ம் இருக்கும், தொகை ஃபைல்ல அந்தப் பாலிசியே இருக்காது. அப்படி நிறைய. அதுங்கள அப்படியே விட்டு ஃப்ரீக்வன்ஸிய (ஒரு வண்டி-வருஷத்துக்கு எத்தன கிளெய்ம்) ஒரு கூட்டத்துல இருந்தும் சிவியாரிட்டிய (ஒரு கிளெய்முக்கு எவ்ளோ தொகை) வேற கூட்டத்துல இருந்தும் எடுத்துப் பெருக்கினா, மறுபடியும் தொப்பூர்க் கதைதான். தொகை இல்லாத பாலிசியோட கிளெய்ம் எண்ணிக்கைய பூஜ்யமா மாத்திட்டு ஆரம்பிங்க. சில வரிசையில எக்ஸ்போஷர் 1-ஐத் தாண்டும், அத 1-ல நிறுத்துங்க.

சிவியாரிட்டிக்கு காமா (தொகைக்கான பரவல்). பூஜ்யம் உள்ள போகக் கூடாது, ரெஸ்பான்ஸ் சராசரித் தொகை, வெயிட் கிளெய்ம் எண்ணிக்கை. முதல்ல ஹிஸ்டோகிராம் போடுங்க. அந்த டேட்டால 1,204 யூரோ கிட்ட ஊசி மாதிரி ஒரு தூண் நிக்கும். கம்பெனிங்க தங்களுக்குள்ள நிலையான தொகையில தீர்த்துக்குற ஏற்பாடு அது. எந்தக் காமாவும் அங்க பொருந்தாது, உங்க தப்பு இல்ல. இன்னொரு பக்கம் ரெண்டு மூணு பெரிய கிளெய்ம் சராசரிய இழுத்துட்டுப் போயிடும். ஒரு வரம்பு வெச்சு வெட்டுங்க, வெட்டின மிச்சத்த எல்லாப் பாலிசிக்கும் பொதுவா பரப்புங்க.

கடைசியா, இன்னும் வந்து சேராத கிளெய்ம். நம்ம ஊர்ல தேர்ட் பார்ட்டி வழக்கு ட்ரிப்யூனல்ல வருஷக்கணக்கா ஓடும். போன வருஷ விபத்துக்கு முழு எக்ஸ்போஷர் கீழ இருக்கும், மேல ஒரு பகுதி கிளெய்ம்தான் வந்திருக்கும். 12 மாசத்துல 80, 24 மாசத்துல 100-னு பழைய வருஷம் காட்டினா ஃபேக்டர், அதாவது பெருக்குற எண், 1.25. புது வருஷத்துல 64 வந்திருந்தா 80-னு எடுக்கணும். ஆனா பழைய ஃபேக்டர கண்ண மூடிட்டு எடுக்காதீங்க. 2022 ஏப்ரல் 1-ல இருந்து விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவுல வந்துடுச்சு. 1994-ல இருந்து அதுவரைக்கும் அந்தக் கெடு இல்ல. மனு சீக்கிரம் வந்தா 12 மாசத்துலயே எண்ணிக்கை நிறைஞ்சிடும், 1.25 அதிகமாயிடும். ட்ரையாங்கிள்ல, அதாவது விபத்து வருஷ வாரியா கிளெய்ம் எப்படி வளருதுன்னு காட்டுற அட்டவணையில, அந்தத் தேதிக்கு ஒரு கோடு கிழிச்சு, மேலயும் கீழயும் ஃபேக்டர தனித்தனியா போடுங்க.

மாடல் முடிஞ்சதும், ஃபிட் பண்ணாத ஒரு வருஷத்த எடுத்து, மாடல் மதிப்பிட்ட விகிதம் குறைவுல இருந்து அதிகம் வரைக்கும் அடுக்கி, எக்ஸ்போஷர் சமமா வர்ற மாதிரி பத்துப் பங்காப் பிரிங்க. பாலிசி எண்ணிக்கை சமமா வர்ற மாதிரி பிரிக்காதீங்க. ஒவ்வொரு பங்குலயும் நடந்தத மதிப்பிட்டதால வகுங்க. ஏதாவது ஒரு பங்கு 1.3 வந்தா அதுல எந்த ஆர்டிஓ கோடு குவிஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க.