ஏணியைப் பிடிப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். லினக்ஸ் கணினியில் எல்எஸ்மாட் என்று தட்டினால், அதன் மையநிரலான கெர்னலில் அப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்கள், அதாவது ஓடும்போதே சேர்க்கவும் கழற்றவும் கூடிய நிரல் துண்டுகள், வரிசையாக வரும். பெயருக்கும் அளவுக்கும் அடுத்து ஓர் எண் இருக்கும். அந்த மாட்யூலை இந்த நொடியில் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அது பூஜ்யத்துக்கு வரும்வரை ஆர்எம்மாட் கட்டளை மாட்யூலைக் கழற்ற மறுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் காலடியிலிருந்து நினைவகத்தை உருவினால் கெர்னலே நிலைகுலைந்துவிடும்.

எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது. அதை யார் செய்வது என்பதில்தான் சிக்கல். பழைய கெர்னல்களில் மாட்யூலே, டிவைஸைத் திறக்கும்போது ஓடும் தன் ஓபன் ஃபங்ஷனுக்குள் தன் எண்ணைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆனால், உள்ளே நுழைந்து அந்த வரி ஓடுவதற்குள் இன்னொரு பிராசசர் மாட்யூலைக் கழற்றத் தொடங்கியிருக்கலாம். வெளியேறும்போதும், எண்ணைக் குறைத்த பிறகு ரிட்டர்ன் வரையுள்ள சில கட்டளைகள் அதே மாட்யூலுக்குள்தான் ஓடியாக வேண்டும். ஏணியில் நிற்பவரே ஏணியைப் பிடித்துக்கொள்ள முடியாதல்லவா?

அதனால் 2.4 கெர்னலில், ஓபன் போன்ற ஃபங்ஷன்கள் எந்த மாட்யூலுக்கு உரியவை என்று சொல்லும் ஓனர் என்ற புலம் வந்தது. மாட்யூலுக்குள் கால் வைக்கும் முன்பே, வெளியே நிற்கும் கெர்னல் அதைப் பார்த்து எண்ணைக் கூட்டிவிடும். 2002-இல், 2.5 வரிசையில், கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் மாட்யூல் ஏற்றியைத் திருத்தி எழுதியபோது வந்தது, எண்ணைக் கூட்ட முயலும் டிரை மாட்யூல் கெட் என்ற ஃபங்ஷன். பெயரிலுள்ள ‘டிரை’ முக்கியம்: மாட்யூல் ஏற்கெனவே வெளியேறத் தொடங்கியிருந்தால் அது தோல்வியைத் திருப்பித் தரும், அழைப்பவர் அதைச் சோதித்தே ஆக வேண்டும். வெற்றி பெற்ற ஒவ்வோர் அழைப்புக்கும் ஈடாக, எண்ணைக் குறைக்கும் மாட்யூல் புட் ஒன்று உண்டு.

நெட்வொர்க் டிரைவர்கள் மட்டும், இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் பூஜ்யம் காட்டும். அது பிழையன்று, கழற்றும்போது அவை தம் இன்டர்ஃபேஸைப் பதிவுநீக்கிவிட்டுத்தான் போகின்றன.

இதையெல்லாம் நான் கற்றது சொந்தத் தவறில். ஒரு சிறிய கேரக்டர் டிவைஸ் (கோப்பைப் போலத் திறந்து படிக்கவும் எழுதவும் கூடிய சாதனம்) டிரைவரில் ஓனரைச் சரியாக நிரப்பியிருந்தும், பாதுகாப்புக்கு இருக்கட்டுமென்று ஓபனுக்குள்ளும் டிரை மாட்யூல் கெட் எழுதினேன். நினைவகம் கிடைக்காமல் ஓபன் தோற்றுத் திரும்பும் பாதையில் மாட்யூல் புட் விடுபட்டது. டிவைஸை யாரும் திறந்திராதபோதும் எண் 1 என்றே நின்றது. ஒவ்வொரு சோதனைக்கும் கணினியை ரீபூட் செய்து ஒரு மாலை கழிந்தது. விடுபட்ட வரியை எழுதுவதற்குப் பதிலாக, நான் கூடுதலாக எழுதியிருந்த கெட், புட் இரண்டையும் அழித்தேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. ஆர்எம்மாட் மறுபேச்சின்றி மாட்யூலைக் கழற்றியது.